ரிவெட்டை எண்ணி விமானம் வாங்காதீர்கள்: வார்பேர்ட் ஆட்-ஆன் கேள்வி-பதில்

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு (எம்எஸ்எஃப்எஸ்) ஒரு வார்பேர்ட் ஆட்-ஆன், அதாவது தனியாக விற்கும் பழைய போர் விமான மாடல் வாங்க நினைக்கிறேன்: இரண்டாம் உலகப் போர் கால அமெரிக்க விமானமான பி-51டி மஸ்டாங். விலை 30 டாலர். கடைப் பக்கத்தில் இருக்கும் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படத்தைக் கடைசியில் பாருங்கள். மஸ்டாங் விஷயத்தில் படமே ஆளை ஏமாற்றும். இறக்கை முழுக்க ரிவெட் (தகடு பிணைக்கும் ஆணி) தலைகள் வரிசைகட்டி மின்னினால் "என்ன நுணுக்கம்!" என்று தோன்றும். ஆனால் போர்க்கால மஸ்டாங்கின் இறக்கையில் முன்பகுதி ரிவெட்டுகளையும் தகட்டு இடுக்குகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி பெயின்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள். காற்று தடங்கலின்றி வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. உடற்பகுதியில் ரிவெட் தெரியலாம், இறக்கையின் முன்பாதியில் தெரியக் கூடாது. இன்று விமானக் கண்காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகள் பலவற்றில் புட்டி கிடையாது, வெறும் அலுமினியத்தையே பளபளவென்று மெருகேற்றி வைத்திருப்பார்கள். ஆகவே, விற்பது 1944-ஆம் ஆண்டு விமானமா, இன்றைய கண்காட்சி விமானமா என்று முதலில் பாருங்கள். போர்க்கால லிவரியும் (வண்ணப்பூச்சும்) கண்காட்சி இறக்கையும் கலந்து இருந்தால், மாடல் செய்தவர் ஒரே ஒரு புகைப்படத் தொகுப்பை வைத்து வேலையை முடித்திருக்கிறார் என்று பொருள்.

காக்பிட் படத்தில் எரிபொருள் மீட்டர்களைத் தேடுங்கள். மஸ்டாங்கில் அவை முன்பலகையில் இல்லை. இறக்கைத் தொட்டிகளின் மீட்டர்கள் தரையில், இருக்கைக்கு இருபுறமும் இருக்கும். உடற்பகுதித் தொட்டியின் மீட்டர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால். கழற்றி எறியும் வெளித் தொட்டிகளுக்கு மீட்டரே கிடையாது. இவை சரியான இடத்தில் இருந்து, முள்ளும் அசைந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.

அடுத்தது கையேடு. நல்ல தயாரிப்பாளர்கள் பலர் வாங்கும் முன்பே பிடிஎஃப் கையேட்டைப் படிக்கத் தருகிறார்கள். அதில் பாதி நிறுவும் முறை, மீதி லிவரி பட்டியல் என்றால் மூடி வைத்துவிடலாம். இயக்க வரம்புகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தால், அதை அமெரிக்கப் போர்க்கால விமானிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். அந்தப் பழைய கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பி-51டி-யின் வி-1650-7 இன்ஜினுக்கு (அமெரிக்காவில் செய்த மெர்லின்) டேக்-ஆஃபில் 3000 ஆர்பிஎம், 61 அங்குல மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்). தொடர்ந்து ஓட்ட 2700 ஆர்பிஎம், 46 அங்குலம். உயிர் போகும் அவசரத்துக்கு 67 அங்குலம், அதுவும் 5 நிமிடம். கூலன்ட் வெப்பம் 121 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சக்கரம் இறக்க 170 மைல் வேகத்துக்குக் கீழே வர வேண்டும், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) முழுதாக இறக்க 165-க்குக் கீழே. 10 டிகிரி ஃப்ளாப் மட்டும் 400 மைல் வரை தாங்கும்.

எண்கள் அச்சில் சரியாக இருப்பது பெரிய விஷயமில்லை. அவை பறப்பில் உயிரோடு இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதற்கு, இன்ஜின் ஸ்டார்ட் செய்வதிலிருந்து தரையிறங்குவது வரை வெட்டாமல் எடுத்த ஒரு நீண்ட வீடியோவைத் தேடிப் பாருங்கள். டாக்ஸி செய்யும்போது (தரையில் உருட்டிப் போகும்போது) ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் வால் சக்கரம் பூட்டிக்கொண்டு இருபுறமும் 6 டிகிரி மட்டுமே திரும்ப வேண்டும். ஸ்டிக்கை நடுநிலைக்கு முன்னால் தள்ளினால் பூட்டு விட்டுப்போய் சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும். பிறகு உயரம் ஏறும்போது, 14,500 முதல் 19,500 அடிக்குள் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தானாக மேல் கியருக்கு மாறும். அப்போது மேனிஃபோல்ட் முள் ஒரு துள்ளு துள்ளி ஏறும். வீடியோவில் முள் வழவழவென்று ஒரே சீராகக் கீழிறங்கிக்கொண்டே போனால், அந்த இன்ஜின் ஏதோ ஒரு பொது இன்ஜினுக்குப் பெயர் மாற்றி வைத்தது.

வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்து பார்க்க இன்னும் இரண்டு இருக்கின்றன. உடற்பகுதித் தொட்டியை 85 கேலன் நிரப்புங்கள். அது சுமார் 230 கிலோ, இருக்கைக்குப் பின்னால் போய் உட்காரும். ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போவதால், இறுக்கமாகத் திரும்பும்போது ஸ்டிக் இலகுவாகி, விமானம் தானே வளைவை இறுக்கிக்கொள்ளும். போர்க்கால விமானிகள் சண்டைக்கு முன்பே அந்தத் தொட்டியை 25 கேலன் அளவுக்கு வற்றவைத்தது இதனால்தான். நிரம்பிய தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லையென்றால் எடைப் பட்டியல் வெறும் அலங்காரம்.

இரண்டாவது, கார்புரேட்டரிலிருந்து ஆவியும் கொஞ்சம் பெட்ரோலும் இடது இறக்கைத் தொட்டிக்குத் திரும்பி வரும். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் முதலில் இடது தொட்டியில் ஓட்டுவார்கள். கொஞ்ச நேரம் அப்படி ஓட்டி, உடற்பகுதித் தொட்டிக்கு மாற்றிய பின் இடது மீட்டர் மெல்ல ஏறுகிறதா பாருங்கள். ஏறினால், செய்தவர் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர். அவருக்கு 30 டாலர் தரலாம்.

கேள்வி: வாங்கிவிட்டேன். டேக்-ஆஃபில் த்ராட்டில் தள்ளியதும் இடப்பக்கம் பாய்ந்து புல்லில் புரள்கிறது. பத்துக்கு ஒன்பது முறை இதேதான். ஆட்-ஆன் கோளாறா, பணத்தைத் திரும்பக் கேட்கவா?

பதில்: கேட்காதீர்கள். இடப்பக்கம் இழுக்காமல் நேராக ஓடியிருந்தால்தான் கேட்டிருக்க வேண்டும். மெர்லின் இன்ஜினின் ப்ரொப்பெல்லர் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்கிறது. சுழன்று பின்னால் வரும் காற்று வால் செங்குத்தின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடதுபுறம் தள்ளும். வால் தரையில் இருக்கும்வரை ப்ரொப்பெல்லரின் வலப்பாதி அதிகமாக இழுக்கும், அதுவும் இடதுபுறமே திருப்பும். வாலைச் சட்டென்று தூக்கினால் பம்பர விளைவும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் சிமுலேட்டரின் உதவி அமைப்புகளை அணையுங்கள். ரடரை (வாலில் உள்ள திசைத் தகட்டை) தானே திருப்பும் ஆட்டோ ரடர் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் காலும் அதுவும் சண்டை போடும். டிசிஎஸ் என்ற போர் சிமுலேட்டரில் வார்பேர்ட்களுக்கு டேக்-ஆஃப் உதவி என்று தனியாக ஒரு ஸ்லைடர் உண்டு, அதை 0 ஆக்குங்கள். பிறகு ரடர் ட்ரிம்மை (ரடரை ஒரு பக்கம் சாய்த்தே வைக்கும் திருகை) வலப்பக்கம் 6 டிகிரி வையுங்கள். சில மீட்டர் நேராக உருட்டி வால் சக்கரத்தை நேராக்குங்கள். ஸ்டிக்கைப் பின்னால் பிடித்துப் பூட்டை விழச் செய்யுங்கள். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாமல் ஏழெட்டு விநாடி எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். பாதி எரிபொருளும், வெளிச்சுமை எதுவும் தொங்காத இறக்கையுமாக இருக்கும் விமானத்துக்கு 50 அங்குலமே போதும், 61 தேவையில்லை. மூக்கு அசையத் தொடங்கும் முன்பே வலது காலை ஊன்றுங்கள். அசைந்த பிறகு ஊன்றினால் மிகையாகிவிடும், அடுத்து வலப்பக்கப் புல்தான். வாலை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள், வேகம் வந்ததும் அதுவாகவே எழ விடுங்கள்.

வெவ்வேறு விமானங்களைச் சோதிக்கவும் இதே விஷயம் உதவும். பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரின் மார்க் 9 ரகத்தில் மெர்லின், ஆகவே இடப்பக்கம் இழுக்கும். மார்க் 14-இல் கிரிஃபன் இன்ஜின், அது எதிர்த்திசையில் சுழல்வதால் வலப்பக்கம் இழுக்கும். பி-38 லைட்னிங்கில் இரண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுழல்வதால் இரண்டு இன்ஜினும் ஒத்து ஓடும்வரை எந்தப் பக்கமும் இழுக்காது. கிரிஃபன் ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் இழுத்தால், மெர்லின் ஸ்பிட்ஃபயரின் கோப்புக்கு வேறு தோல் போர்த்தி விற்கிறார்கள். அப்போது பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பிட்ஃபயர் மார்க் 1 ஆட்-ஆன். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் இருமி அடங்குகிறது. டாக்ஸி செய்யும்போதே கொதித்தும் விடுகிறது. இரண்டும் பிழைதானே?

பதில்: இரண்டுமே சரி. ஆரம்பகால மெர்லினில் மிதவை வைத்த கார்புரேட்டர். மூக்கைத் தள்ளி எதிர்மறை ஜி (உடலை இருக்கையிலிருந்து மேலே தூக்கும் விசை) வந்ததும் மிதவை ஏமாந்து இன்ஜின் திணறும். பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த சிறு துளைத் தகடு 1941-இல் வந்த பிறகுதான் தொல்லை பெருமளவு குறைந்தது. நேரடி எரிபொருள் ஊசி வைத்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 இதே வேலையைத் தடையின்றிச் செய்யும். இரண்டு ஆட்-ஆனும் உங்களிடம் இருந்தால் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள்.

கொதிப்புக்குக் காரணம், வலது இறக்கைக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டர். தரையில் இருக்கும்போது இறங்கிய சக்கரக் கால் அதற்குக் காற்று வராமல் மறைக்கிறது. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் மேலே போய்விட வேண்டிய விமானம் அது. ஓடுபாதைக்கு அருகிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொன்று: மார்க் 5 என்று விற்பதன் அடிப்பகுதியைப் பாருங்கள். வலப்பக்கம் ரேடியேட்டர் பெட்டி, இடப்பக்கம் சிறிய உருண்டை எண்ணெய்க் குளிர்விப்பான், மூன்று தகட்டு ப்ரொப்பெல்லர் இருக்க வேண்டும். இருபுறமும் ஒரே அளவுப் பெட்டியும் நான்கு தகடும் இருந்தால் அது மார்க் 9.

கேள்வி: என் மஸ்டாங்கில் 61 அங்குலத்தில் அரைமணி நேரம் ஓட்டினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆவதில்லை. நண்பரின் சிமுலேட்டரில் குறித்த நிமிடம் தாண்டியதும் டமாரென்று வெடிக்கிறது. எது நிஜம்?

பதில்: இரண்டுமே இல்லை. கையேட்டில் 61 அங்குலத்துக்கு 15 நிமிடம், 67-க்கு 5 நிமிடம் என்று போட்டிருப்பது இன்ஜினின் ஆயுளைக் காப்பதற்கு. ஆறாவது நிமிடம் வெடித்தே தீரும் என்று அதற்குப் பொருளில்லை. நிஜ இன்ஜின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், தேய்மானம் இவற்றால் கெடும், கடிகாரம் பார்த்துக் கெடாது. சிரஞ்சீவி இன்ஜின் எவ்வளவு பொய்யோ, அலாரம் வைத்துச் சாகும் இன்ஜினும் அவ்வளவு பொய்.

கூலன்ட் கதவை (ரேடியேட்டர் காற்று வெளியேறும் கதவை) கையால் மூடி வைத்தால் வெப்பம் ஏறி, முதலில் சக்தி குறைந்து, பிறகு சத்தம் மாறி, கடைசியில் நிற்க வேண்டும். தரையில் குறைந்த ஆர்பிஎம்மில் நெடுநேரம் ஓட விட்டால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்க வேண்டும். 2300 ஆர்பிஎம்மில் மேக்னீட்டோவை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவியை) ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது ஆர்பிஎம் விழுவது கரி ஏற ஏற அதிகமாக வேண்டும். நேற்று நீங்கள் வதைத்த இன்ஜின் இன்றும் அந்த நோவோடு ஸ்டார்ட் ஆனால் அது உயர்ந்த தரம். எஃப்எஸ்எக்ஸ், ப்ரீபார்3டி என்ற பழைய சிமுலேட்டர்களின் காலத்திலேயே ஏ2ஏ நிறுவனத்தின் அக்யூ-சிம் இப்படித் தேய்மானத்தை அடுத்த பறப்புக்கும் நினைவில் வைத்துக்கொண்டது. விலை கூடுதலான ஆட்-ஆனில் இதை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. 15 டாலர் விமானத்தில் எதிர்பார்த்தால் பேராசைதான்.

பிரிட்டிஷ் விமானத்துக்கு மாறும்போது அளவீட்டில் குழம்ப வேண்டாம். அங்கே இதே அழுத்தத்தை "பூஸ்ட்" என்று பவுண்டில் காட்டும். 0 பவுண்டு என்பது ஏறக்குறைய 30 அங்குலம், ஒவ்வொரு பவுண்டும் அதற்கு மேல் 2 அங்குலம். +18 பவுண்டு என்றால் 67 அங்குலத்தை ஒட்டி வரும்.

கேள்வி: எம்எஸ்எஃப்எஸ்ஸில் 25 டாலர், டிசிஎஸ்ஸில் அதே விமானம் 50 டாலர். இரட்டிப்பு விலைக்கு நியாயம் உண்டா?

பதில்: நீங்கள் சுட விரும்புகிறீர்களா, சுற்ற விரும்புகிறீர்களா என்பதைப் பொறுத்தது. எம்எஸ்எஃப்எஸ்ஸில் சண்டை கிடையாது, துப்பாக்கி வெறும் பொம்மை. ஆனால் உலகம் முழுக்கப் பறக்கலாம். டிசிஎஸ் மாட்யூலில் (ஆட்-ஆனுக்கு அங்கே அதுதான் பெயர்) ஆயுதம், குண்டடிச் சேதம், பயிற்சிப் பாடங்கள் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் 50 டாலரோடு செலவு முடியாது. நார்மண்டி, சேனல் வரைபடங்களும், அந்தக் காலத் தரைப்படை வாகனங்கள் அடங்கிய தொகுப்பும், பெரும்பாலான கதைத் தொடர்களும் தனித்தனி விலை. இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். கூட்டியபின் கணக்கு இரட்டிப்பையும் தாண்டலாம்.

காசே இல்லாமல் தொடங்கவும் வழி உண்டு. டிசிஎஸ்ஸை இறக்கினால் ஆயுதமில்லாத டிஎஃப்-51டி மஸ்டாங் இலவசமாகவே கூட வருகிறது. பறப்பில் அது போர் மஸ்டாங்குக்கு மிக நெருக்கம். வால் சக்கர விமானம் உங்களுக்கு ஒத்துவருமா என்று ஒரு மாதம் அதில் பழகிவிட்டுப் பணத்தை எடுங்கள். டிசிஎஸ்ஸின் சொந்தத் தளப் பதிப்பில் பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கவும் முடியும், ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் பதிப்பில் அது கிடையாது. ஃப்ளைட்கியர் என்ற முழு இலவச சிமுலேட்டரிலும் ஒரு பி-51டி இருக்கிறது. பார்க்கச் சுமார், பறக்க மோசமில்லை.

கேள்வி: 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். "8கே டெக்ஸ்சர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: உங்கள் கார்டுக்கு நல்லதல்ல. கணக்கு எளிது. சுருக்கி வைத்த ஒரு 4கே டெக்ஸ்சர் (மாடலின் பரப்பில் போர்த்தும் படம்) 16 எம்பி, அதன் சிறிய நகல்களையும் சேர்த்தால் 21. நிறம், மேடுபள்ளம், உலோகத்தன்மை என்று ஒரு பரப்புக்கு மூன்று டெக்ஸ்சர் வேண்டும், ஆக 64 எம்பி. 8கே என்றால் இது நான்கு மடங்கு, 256 எம்பி. பதினைந்து பரப்புகள் கொண்ட விமானம் 4கே-யில் 1 ஜிபிக்குள் அடங்கும், 8கே-யில் 4 ஜிபியை விழுங்கும். மிச்சத்தில்தான் நகரமும் மேகமும் ஓட வேண்டும். நினைவகம் நிரம்பினால் காட்சி விக்கித்து விக்கித்து ஓடும், பழியைப் பலர் ப்ராசசர் மேல் போடுவார்கள். குறைந்த டெக்ஸ்சர் தொகுப்பும் சேர்த்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். டயல் எழுத்துகள் கூர்மையாக இருந்தால் போதும், இறக்கையின் அடிவயிறு 8கே-யில் இருந்து யாருக்கு லாபம்?

கேள்வி: பத்து வார்பேர்ட் 20 டாலர் என்று ஒரு மூட்டை விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: எஃப்எஸ்எக்ஸ் காலத்து, அதாவது 2006-ஐ ஒட்டிய மாடல்களைத் தூசி தட்டிப் புது சிமுலேட்டருக்கு மாற்றியவை இப்படி மூட்டையாக வருவதுண்டு. அடையாளம் சுலபம். டயல்கள் காகிதத்தில் வரைந்தது போலத் தட்டையாக இருக்கும். பத்து விமானத்துக்கும் ஒரே ஸ்டார்ட் வரிசை இருக்கும். ரேடியல் இன்ஜினும் வி-12 இன்ஜினும் ஒரே குரலில் பாடும். ஒரு நல்ல ஸ்பிட்ஃபயரை ஆறு மாதம் ஓட்டுவீர்கள், இந்தப் பத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவீர்கள்.

எம்எஸ்எஃப்எஸ் 2024 வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 2020 பதிப்புக்கு வந்த ஆட்-ஆன்கள் பல அதிலும் ஓடுகின்றன, ஆனால் "ஓடும்" என்பதும் "அதற்கென்றே செய்தது" என்பதும் வேறு. மேம்படுத்திய பதிப்பு இலவசமா, மறுபடி காசா என்று விற்பனைப் பக்கத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி அப்டேட் தேதியையும் பாருங்கள். சிமுலேட்டரின் பெரிய அப்டேட்டுக்குப் பின் ஆட்-ஆனுக்கு ஒரு திருத்தமும் வரவில்லையென்றால் கைவிட்ட பிள்ளைதான்.

கேள்வி: பெடல் இல்லை, திருகு ஸ்டிக் மட்டுமே இருக்கிறது. போதுமா?

பதில்: தொடங்கப் போதும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ போன்றவற்றில் நான்கு அச்சுகள்: இரண்டு ஸ்டிக்குக்கு, திருகு ரடருக்கு, ஸ்லைடர் த்ராட்டிலுக்கு. ப்ரொப்பெல்லர் ஆர்பிஎம்மை இரண்டு பட்டன்களில் வையுங்கள். ஸ்பிட்ஃபயரில் பிரேக் ஸ்டிக்கின் பிடியிலேயே இருக்கும் ஒரு நெம்புகோல், ஆகவே அதற்கு ஒரு பட்டனே பொருத்தம். பிடித்துக்கொண்டு ரடரைத் திருப்பினால் அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) இயல்பிலேயே இலகு, நம் மேசை ஸ்டிக்கோ நிஜத்தின் நீளத்தில் கால்வாசி இருந்தால் அதிகம். சிமுலேட்டர் அமைப்பில் அந்த ஏற்ற-இறக்க (பிட்ச்) அச்சுக்கு 20 அளவில் வளைவு கொடுத்து, நடுப்பகுதியை மந்தமாக்கிய பிறகே "ரொம்பத் துள்ளுகிறது" என்று விமர்சனம் எழுதுங்கள்.

கேள்வி: இந்தியாவிலிருந்து வாங்கினால் 30 டாலர் எவ்வளவாக வரும்? பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: வெளிநாட்டு டிஜிட்டல் சரக்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சில கடைகள் அதைக் கடைசிப் பக்கத்தில்தான் சேர்ப்பார்கள், 30 என்பது 35.40 ஆகும். கார்டு வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் எடுத்தால் 37 டாலரை நெருங்கிவிடும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் செலுத்தும் இடத்தில் நிற்கும். ஸ்டீமில் ரூபாய் விலையும் யுபிஐ-யும் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டீமில் வாங்கிய டிசிஎஸ் மாட்யூலைப் பிறகு சொந்தத் தளப் பதிப்புக்கும் கொண்டுபோகலாம், அங்கே வாங்கியதை ஸ்டீமுக்குக் கொண்டுவர முடியாது.

ஸ்டீம் கடையில் வாங்கிய ஆட்-ஆனை 14 நாளுக்குள், வாங்கிய பின் அடிப்படை விளையாட்டை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் திருப்பலாம். சிமுலேட்டர் லோடாகும் நேரமும் அந்த 2 மணியில் சேரும். எம்எஸ்எஃப்எஸ்ஸுக்கு உள்ளேயே இருக்கும் மார்க்கெட்பிளேஸ் ஸ்டீமின் கடையல்ல, இந்த விதி அங்கே செல்லாது. மற்றக் கடைகளில் டவுன்லோட் பட்டனைத் தொட்டதும் திரும்பப் பெறும் உரிமை போய்விடுவதும் உண்டு, வாங்குமுன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள். அவசரமில்லையென்றால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். டிசிஎஸ் வார்பேர்ட்கள் ஆண்டில் சில முறை பாதி விலைக்கு வருகின்றன. அதுவரைக்கும்தான் டிஎஃப்-51டி இருக்கிறதே.